வாளி இறங்காத பேஸ்மென்ட்

காலை ஐந்தரை மணி. துரைப்பாக்கத்தில் நண்பர் குடியிருக்கும் அடுக்ககத்தின் பேஸ்மென்ட்டில் டியூப்லைட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று எரிகின்றன. சென்னையில் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் இந்த நேரத்தில் கேட்கும் சத்தங்கள் பழக்கமானவை. குழாய் சீறும், வாளி தரையில் உரசும், பிழிந்த துணியை யாரோ படீரென்று உதறுவார்கள், சோப்புத் தண்ணீர் ஓரமாக ஓடி வடிகால் கம்பியில் தேங்கும். இங்கே ஸ்ப்ரே குப்பியின் விசையை அழுத்தும் சத்தம் மட்டும் தூணுக்குத் தூண் எதிரொலிக்கிறது. தரை காய்ந்து கிடக்கிறது. நூற்றைம்பது கார் நிற்கும் இடத்தில், துடைப்பு வேலை மும்முரமாக நடக்கும்போதே, செருப்பில் ஈரம் படாமல் நடக்க முடிகிறது.

தண்ணீர் ஊற்றாமல் துடைத்தால் கீறல் விழாதா என்பது எனக்கு வெகுநாளாக இருந்த சந்தேகம். புழுதி படிந்த காரைத் துணியால் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான் என்று பெயின்ட் வேலை செய்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த அடுக்ககத்திலோ சில ஆண்டுகளாக அப்படித்தான் துடைக்கிறார்கள், கார்கள் பளபளப்பாகவே இருக்கின்றன என்றார் நண்பர். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று பார்க்கவே வந்தேன்.

கார் துடைக்கும் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. செய்யாறு பக்கத்துக்காரர். கூடவே அவருடைய தங்கை மகன், இருபது வயதுப் பையன். "மாமா, நீலத் துணி முடிஞ்சிடுச்சு" என்று தூரத்திலிருந்து குரல் கொடுக்கிறான். "முடிஞ்சா புதுசு எடு. அழுக்குத் துணியத் திருப்பிப் போட்ட, பார்த்துக்க" என்று பதில் போகிறது.

அவர்களிடம் இருக்கும் சாமான்கள் இவ்வளவுதான்: ஸ்ப்ரே குப்பிகள் இரண்டு, மூடி போட்ட பெரிய டப்பாக்கள் இரண்டு, தலையில் மாட்டும் டார்ச். ஒரு டப்பாவில் சலவை செய்து மடித்த மைக்ரோஃபைபர் துணிகள். இன்னொன்றில் அழுக்கானவை. நீலம் காரின் உடம்புக்கு, மஞ்சள் கண்ணாடிக்கு, சாம்பல் நிறம் சக்கரத்துக்கும் கீழ்ப்பகுதிக்கும். சாம்பல் துணி எந்தக் காரணத்தாலும் பானெட் பக்கம் வரக்கூடாது. தரையில் விழுந்த துணி, ஒரு நொடிதான் விழுந்தது என்றாலும், நேராக அழுக்கு டப்பாவுக்குப் போகிறது. நான் நின்றிருந்தபோது பையன் கையிலிருந்து ஒரு துணி நழுவியது. யாரும் சொல்லாமலே அதை டப்பாவில் போட்டுவிட்டு வேறு எடுத்தான்.

முதலில் ஒரு கறுப்பு செடான். துடைக்கத் தொடங்குமுன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"சார், டார்ச்சை பானெட் மேல நேரா அடிச்சுப் பாருங்க."

வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல, வட்டவட்டமாக ஆயிரம் மெல்லிய கோடுகள். சாதாரண வெளிச்சத்தில் அந்த பானெட் கறுப்பாகத்தான் தெரிந்தது. டார்ச் அடித்ததும் அது சாம்பல் பூத்ததாகிவிட்டது.

"இது இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி வாளித் தண்ணில கழுவின வண்டி. ஒரே வாளி, ஒரே துணி. சக்கரத்தைத் துடைச்ச துணியை அதே தண்ணில முக்கி, பானெட்டத் துடைச்சிருக்காங்க. தண்ணி ஊத்தினா கீறாதுன்னு யார் சொன்னது?"

கீறுவது மணல். தெருப் புழுதியில் கலந்திருக்கும் மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் அதற்கு உண்டு. காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற காப்புப் பூச்சு ஒன்று இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதன் தடிமன் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான், தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. மணல் துகளைத் துணிக்கும் இந்தப் பூச்சுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், வாளி நிறையத் தண்ணீர் இருந்தாலும் கோடு விழும். துகளுக்கும் பூச்சுக்கும் இடையே வழுக்கல் இருக்க வேண்டும், அழுத்தம் இருக்கக் கூடாது, துகள் துணிக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் கீறல் விழ வாய்ப்பு மிகக் குறைவு. தண்ணீர் அதற்கு ஒரு வழி. அது ஒன்றுதான் வழி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அண்ணன் வேலையைத் தொடங்கினார். காரின் கூரையிலிருந்துதான் ஆரம்பம். அரைக் கூரை அளவுக்கு மருந்தைத் தெளித்தார். அவர் அதை மருந்து என்றுதான் சொல்கிறார். கஞ்சத்தனம் இல்லாமல், புழுதி நனைந்து நிறம் மாறும் வரை தெளித்தார். பிறகு எதுவும் செய்யாமல் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஊறட்டும் சார்." அரை நிமிடம் போனது. அந்த நேரத்தில் துணியை நான்காக மடித்து, அதன் மேலும் இரண்டு விசை தெளித்துக்கொண்டார். காய்ந்த துணியால் தொடுவதே இல்லை.

குப்பியில் இருப்பதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் அழுக்கைப் பெயர்க்கும் சோப்பு வகைப் பொருளும், வழுக்கல் தரும் பாலிமரும், சிலவற்றில் கொஞ்சம் மெழுகும் கலந்திருக்கும். சோப்புப் பொருள் துகளைச் சுற்றி நனைத்துப் பூச்சிலிருந்து கிளப்புகிறது, பாலிமர் நடுவில் படலமாக நிற்கிறது. அதற்கு அந்த அரை நிமிடம் தேவை. அவசரக்காரர்கள் தெளித்த கையோடு துடைத்துவிட்டு மருந்தைக் குறை சொல்கிறார்கள்.

துணியைக் கூரையில் வைத்தார். அழுத்தவே இல்லை. துணியின் சொந்தக் கனத்தில் அதை ஒரே திசையில், முன்னிருந்து பின்னாக, நேர்கோட்டில் இழுத்தார். வட்டம் போடவில்லை, போன வழியே திரும்பவும் இல்லை. ஒரு இழுப்பு முடிந்ததும் துணியைப் புரட்டிக் காட்டினார். நீலத்தின் மேல் பழுப்பாக ஒரு பட்டை, விரலால் தடவினால் நெறுநெறுவென்றிருந்தது. அதை உள்பக்கமாக மடித்துப் புதுப் பக்கத்தை எடுத்தார். நான்காக மடித்த துணியில், விரித்துத் திருப்பி மடிக்க மடிக்க, எட்டுப் பக்கம் கிடைக்கிறது. எட்டும் தீர்ந்ததும் துணி டப்பாவுக்குப் போனது. பின்னால் பையன் வந்து காய்ந்த துணியால் மிச்ச ஈரத்தை ஒற்றியெடுத்தான். கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, அதன்பின் கீழ்ப்பாதி. பம்பரும் கதவுக்குக் கீழே இருக்கும் ஓரமும் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி.

கார் முடிந்தபோது குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். அரை லிட்டர் குப்பியில் கால்வாசி இறங்கியிருந்தது. நூறு மில்லிக்குக் கொஞ்சம் மேல். ஐந்து துணி போயிருந்தது.

டார்ச்சைத் திரும்ப அடித்துப் பார்த்தேன். பழைய வட்டக் கோடுகள் அப்படியே இருந்தன. அவற்றை இந்த முறை போக்காது. புதிதாக நேர்கோடு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று கூரை முழுக்கத் தேடினேன். எதுவும் கண்ணில் படவில்லை. அருகில் இரண்டு வருடமாக அவர் கையிலேயே இருக்கும் இன்னொரு கறுப்புக் கார் நின்றது. அதன் பானெட்டில் டார்ச் அடித்தபோது ஒரு வெள்ளைப் புள்ளியும் அதன் கீழே ஆழமான கறுப்பும்தான் தெரிந்தன. என் சந்தேகம் தீர்ந்தது அங்கேதான்.

அண்ணன் இந்த வழிக்கு வந்தது பளபளப்புக்காக அல்ல, பிழைப்புக்காக. 2019 கோடையைச் சென்னையில் வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய வறண்டு போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது. துரைப்பாக்கம் வழியாகப் போகும் சாலையில் இருக்கும் ஐ.டி. நிறுவனங்கள் சில வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. அப்போது அண்ணன் வேறொரு அடுக்ககத்தில் இருந்தார். குளிக்கவே லாரித் தண்ணீர் வராத இடத்தில் கார் கழுவ யார் விடுவார்கள்? நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள், அவருடைய வருமானம் நின்றது.

"வாட்ச்மேன் வேலைக்குப் போயிடலாம்னு இருந்தேன் சார். மூணாவது மாடில ஒரு தம்பி, வெளிநாட்டுல இருந்து வந்தவர், அவர்தான் ஒரு குப்பி கொடுத்தார். இத அடிச்சுத் துடைச்சுப் பாருங்கன்னார். எனக்கு நம்பிக்கை இல்ல. அவர் வண்டிலயே பழகிக்கிட்டேன்."

அந்தக் கோடைக்குப் பிறகு ஏரிகள் நிரம்பின, நோட்டீஸ் கிழிக்கப்பட்டது. அவர் வாளிக்குத் திரும்பவில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது குடியிருப்போர் சங்கத்திடம் இதையே பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்.

கணக்கு போட்டுப் பார்த்தால் சங்கம் ஒப்புக்கொண்டதன் காரணம் புரிகிறது. வாளியில் சிக்கனமாகக் கழுவினாலும் ஒரு காருக்கு முப்பது லிட்டர் ஆகும். இங்கே நிற்பதில் பாதிக் கார்களைத் தினமும் கழுவினால் இரண்டாயிரத்துச் சொச்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று ஐந்தாறு நாளில் காலி. ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் கேட்கவே வேண்டாம், நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஓடும். பெங்களூரில் 2024 மார்ச்சில், குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அங்குள்ள குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அபராதம் வந்த பிறகு பழகுவதைவிட, ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே பழகிக்கொள்வது நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கழுவும் தண்ணீரின் தரமும் இங்கே ஒரு பிரச்சினை. இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உவர். அதில் கழுவிய காரை உடனே ஒற்றியெடுக்காவிட்டால், துளி காய்ந்த இடத்தில் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைப் பொட்டாகத் தங்கிவிடும். வெயிலில் காய்ந்தால் பொட்டு பூச்சுக்குள் இறங்கி அச்சாகிவிடும். அப்புறம் அதைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து உப்பு பூசிக்கொண்டிருந்த கார்கள் இந்தச் சாலை நெடுக எத்தனையோ.

ஆறரை மணி வாக்கில் ஒரு வெள்ளி நிற எஸ்யூவிக்கு முன்னால் அண்ணன் நின்றார். டார்ச்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கதவின் கீழ்ப்பாதியிலும் சக்கர வளைவிலும் சாம்பல் நிறத்தில் தெறித்துக் காய்ந்த திட்டுகள். மெட்ரோ ரயில் வேலை நடக்கும் இடத்தில் தெறித்த சிமென்ட் சேறு. பையன் குப்பியைத் தூக்கினான். "வேணாம், வை" என்றார்.

சற்று நேரத்தில் காரின் உரிமையாளர் அலுவலகத்துக்குக் கிளம்பி வந்தார். பக்கத்து வண்டிகள் மின்ன, தன் வண்டி மட்டும் அப்படியே நிற்பதைப் பார்த்து முகம் மாறியது.

"ஏன்ணே, என் வண்டியத் தொடவே இல்லையா?"

"தொட்டா கெட்டுப்போயிடும் சார். இது மருந்துக்கு அடங்குற அழுக்கு இல்ல. சாயங்காலம் மேல ரேம்ப்கிட்ட விடுங்க, தண்ணி அடிச்சு ஊற வெச்சு எடுத்துத் தர்றேன்."

"ஆபீஸ்ல இப்படியே போய் நிப்பாட்டவா?"

"ஒரு நாள் அழுக்கா இருக்கட்டும் சார். கோடு விழுந்தா ஆயுசுக்கும் இருக்கும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போனார். எனக்கு அன்று காலை பார்த்ததிலேயே முக்கியமான காட்சி இதுதான். தண்ணீரில்லாத் துடைப்பை விற்கிறவர்கள் எல்லா அழுக்குக்கும் இது போதும் என்கிறார்கள். போதாது. புழுதி, விரல் ரேகை, லேசான தூறல் கறை வரைக்கும்தான் இதன் எல்லை. காய்ந்த சேறு, கடற்கரை மணல், சிமென்ட், மழையில் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியின் அடிப்பக்கம் இவற்றுக்கு முதலில் தண்ணீர் வேண்டும். மணல் தடிமனாக இருந்தால் எந்த மருந்தும் எல்லாத் துகளையும் தூக்கிப் பிடிக்க முடியாது. எந்த வண்டியைத் தொடக்கூடாது என்று தெரிந்த ஆளிடம்தான் இந்த வேலையைக் கொடுக்கலாம். விரல் நுனியால் கதவின் கீழ்ப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள் என்றார் அண்ணன். மாவு மாதிரி ஒட்டினால் துடைக்கலாம், நறநறவென்று உறுத்தினால் கழுவ வேண்டும்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஒரு வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீர், அதில் அலசத் தேவையில்லாத கழுவு திரவம். 1-க்கு 256 என்ற அளவில் கலக்கச் சொல்லும் திரவங்கள் உண்டு. ஐந்து லிட்டருக்கு 20 மில்லி போதும். பல துணிகளை அதில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, திரும்ப வாளியில் முக்காமல் ஓரம் கட்டிவிடுவது. சாதாரணப் புழுதியைவிடக் கொஞ்சம் கூடுதலான அழுக்குக்கு இதை வைத்துக்கொள்கிறார். பின்னால் தண்ணீர் விட்டு அலசுவதில்லை.

பறவை எச்சத்துக்குத் தனி மரியாதை. அதில் யூரிக் அமிலம் உண்டு, வெயில் ஏறினால் பூச்சை அரித்துவிடும். மருந்தில் நனைத்த துணித் துண்டை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, கரைந்ததும் கிள்ளி எடுத்துவிடுகிறார்; தேய்ப்பதில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திய கார்களில் படியும் பிசுபிசுப்புக்கும் இதே வைத்தியம்.

ஏழு மணிக்கு மேல் மெழுகு வேலை. இதற்காகத்தான் நண்பர் தன் கருநீலக் காரைக் காலையிலிருந்து காத்திருக்க வைத்திருந்தார்.

மெழுகையும் பாலிஷையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் நிறைய. பாலிஷ் தேய்த்து எடுப்பது. ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய கிளியர் கோட்டில் ஒரு பங்கு போகிறது, வட்டக் கோடுகளும் அதோடு போகின்றன. மெழுகு மேலே ஒரு படலம் சேர்ப்பது. அது எதையும் எடுக்காது, கோட்டையும் போக்காது. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் "பாலிஷ் போட்டுடலாமா" என்று கேட்கும்போது தலையாட்டுகிறவர்கள், தங்கள் காரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவக் கொடுக்கிறார்கள். எதற்கும் ஒரு கணக்கு வேண்டும். பாலிஷ் எப்போதாவது, மெழுகு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் என்பது அண்ணனின் கணக்கு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

டின்னைத் திறந்தார். இளமஞ்சள் நிறத்தில் இறுகிய பசை. இதன் உயிர் கர்னாபா மெழுகு. வடகிழக்கு பிரேசிலில், சியாரா, பியாவுயி மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கிறார்கள். மழையில்லாத மாதங்களில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அந்தப் பனை ஓலை மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். இயற்கை மெழுகுகளில் இதுதான் மிகக் கடினமானது, உருக 82 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால்தான் சென்னை வெயிலில் பானெட் கொதித்தாலும் இது வழிந்துவிடுவதில்லை. அப்படியே தடவ முடியாத கடினம் என்பதால் கரைப்பானும் மென்மையான மெழுகுகளும் சேர்த்துப் பசையாக்குகிறார்கள். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேலே மினுமினுப்பது பல நேரம் இதே மெழுகுதான். அந்தத் தோப்புகளில் அடிமைகளைப் போல வேலை வாங்கப்பட்ட கூலிகளை பிரேசில் தொழிலாளர் அதிகாரிகள் மீட்ட செய்திகள் வந்திருக்கின்றன. பளபளப்பைப் பற்றி எழுதும்போது அந்த ஓலை வெட்டுகிறவர்களை விட்டுவிட மனம் வரவில்லை.

நண்பரின் காரை முதலில் மருந்தடித்துத் துடைத்தார்கள். அண்ணன் பானெட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு டேப் ஒட்டினார், எனக்குக் காட்டுவதற்காக. வலது பாதியில் மட்டும் மெழுகு. வட்டமான பஞ்சை டின்னில் லேசாக ஒரு சுற்று சுற்றினார். அந்தக் கொஞ்சத்தை வைத்தே பாதி பானெட்டையும் முடித்தார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மங்கலாக ஒரு படலம். அள்ளி அப்பினால் துடைத்து எடுக்கும்போது அப்பியதெல்லாம் துணியோடுதான் போகும், வண்டியில் நிற்பது இவ்வளவுதான் என்றார்.

பிறகு காத்திருப்பு. படலம் வெளுத்துப் பூத்ததும் சுண்டுவிரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு துடைத்த கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. "இப்ப எடுக்கலாம். இழுவிக்கிட்டு வந்தா இன்னும் ஆகலன்னு அர்த்தம்." புதுத் துணியால் மெல்லத் துடைத்தார். மங்கல் விலகியபோது கருநீலத்தின் அடியிலிருந்து வேறொரு நீலம் வந்தது. டியூப்லைட்டின் பிம்பம் இடது பாதியில் ஓரம் கலங்கியும், வலது பாதியில் கத்தியால் வெட்டியதுபோலவும் தெரிந்தது.

அவர் தன் குடிநீர் பாட்டிலில் விரல் நனைத்து இரண்டு பாதியிலும் உதறினார். இடப்பக்கம் துளிகள் தட்டையாகப் பரவி ஒன்றோடொன்று கலந்தன. வலப்பக்கம் உருண்டு நின்றன. பானெட்டை விரலால் தட்டியதும் இரண்டு துளி உருண்டோடி ஓரத்தில் விழுந்தன. தண்ணீர் பரவ முடியாத பரப்பில் புழுதியும் அவ்வளவாகப் பற்றிக்கொள்ளாது. மெழுகிட்ட காரை மறுநாள் மருந்தடித்துத் துடைக்கும்போது துகள் சட்டென்று விட்டுவிடும், குறைவான மருந்து போதும், குறைவான இழுப்பு போதும். தண்ணீரில்லாத் துடைப்பு கீறாமல் நடப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் படலம்தான். மெழுகில்லாத, பூச்சு சொரசொரத்துப்போன பழைய காரில் இதே முறையைத் தொடங்கினால் இவ்வளவு சுலபமாக வராது. அத்தகைய வண்டிகளை அண்ணன் முதலில் நன்றாகக் கழுவி, களிமண் கட்டியால் ஒட்டுத்தூசி எடுத்து, மெழுகிட்ட பிறகே வாளியை விடுகிறார்.

உருண்டு நிற்கும் துளியிலும் ஒரு ஆபத்து. அது உவர் நீராக இருந்து வெயிலில் காய்ந்தால் பொட்டு வைக்கும். மெழுகிட்டிருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, ஒற்றிவிட வேண்டும்.

மெழுகு எங்கே படக்கூடாது என்பதையும் பையன் காட்டினான். பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை ஏறிவிடும். அந்த ஓரங்களுக்கு டேப் ஒட்டிக்கொள்கிறான். முன்கண்ணாடியில் பட்டால் வைப்பர் தத்தும். வெயிலில் நிற்கும் காரில் போட்டால் பூக்குமுன்பே காய்ந்து இறுகிவிடும். டயர் கறுப்பாகத் தெரிய டீசலோ மண்ணெண்ணெயோ தடவும் வழக்கம் சில ஷெட்டுகளில் இன்னும் இருக்கிறது. ஒரு மணி நேரம் மின்னும், பிறகு புழுதியை இழுத்து வைத்துக்கொள்ளும், ரப்பரையும் கெடுக்கும். கோழி இறகுத் துடைப்பம், பழைய பனியன், மஞ்சள் டஸ்டர் துணி மூன்றையும் அண்ணன் இந்த பேஸ்மென்ட்டில் தடை செய்திருக்கிறார். டிரைவர்கள் யாராவது காய்ந்த புழுதியில் மஞ்சள் டஸ்டரைப் போட்டால் சண்டைக்கே போய்விடுவாராம்.

மெழுகைவிட நீடிக்கும் செயற்கைப் பூச்சுகள், சிலிக்கா கலந்த ஸ்ப்ரேக்கள் இப்போது கடைகளில் நிறைய வந்துவிட்டன. விலையும் ஏறுமுகம். அவை நல்லவையே. தினமும் மருந்தடித்துத் துடைக்கும் கை ஒன்று இருக்கும் வண்டிக்கு ஒரு டின் மெழுகு தாராளமாகப் போதும் என்பது நான் பார்த்ததிலிருந்து எனக்குத் தோன்றுவது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பேஸ்மென்ட்டில் காற்றோட்டம் குறைவு. காலை முழுக்கத் தெளிக்கும் தூவல் மூக்கில்தான் போகிறது. பையன் முகத்தில் மாஸ்க் இல்லை. "இருக்கு சார், வேர்க்குது" என்றான். தூவலாக அடிக்காமல் குப்பியின் மூக்கைத் திருப்பித் துளியாக அடித்தாலே பாதி குறையும். அண்ணன் அப்படித்தான் அடிக்கிறார். மாமா சொல்லியும் பையன் கேட்கவில்லையாம். எக்ஸாஸ்ட் ஃபேனைக் காலையிலும் போட்டுவிடச் சொல்லிச் சங்கச் செயலாளரிடம் நானே பேசினேன். போடுகிறோம் என்றார்.

வேலை முடிந்தபோது அழுக்கு டப்பா நிரம்பி, மூடி மேலே நின்றது. தண்ணீர்க் கணக்கில் இதையும் சேர்த்தாக வேண்டும். இந்தத் துணிகளைத் தினமும் துவைக்க வேண்டும், அதுவும் ஒழுங்காக. பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் அதன் நூல்பிசிறு மைக்ரோஃபைபரில் சிக்கும், அப்புறம் அது காருக்கு ஆகாது. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் போட்டால் இழைகள் அடைந்து அழுக்கைப் பிடிக்கும் குணம் போய்விடும். கொதிக்கும் தண்ணீர் ஆகாது. மூன்று வாளித் தண்ணீர் ஆகிறது என்கிறார் அண்ணன். இரண்டு காருக்கு ஆகியிருக்கக்கூடிய தண்ணீரில் ஒரு நாளைய துணிகள் அத்தனையும் முடிந்துவிடுகின்றன.

துவைப்பது அவர் மனைவி. கண்ணகி நகர் வீட்டில், கையால். லாரி வரும் நாளில் பிடித்துவைத்த தண்ணீரில். அடுக்ககம் மிச்சம் பிடிக்கும் தண்ணீரின் ஒரு பங்கு இவர்கள் வீட்டுக் குடத்திலிருந்து போகிறது.

மொட்டைமாடியில் வாட்டர் டேங்க் பக்கத்தில் ஒரு வாஷிங் மெஷினுக்குக் கனெக்‌ஷன் கேட்டிருக்கிறார் அண்ணன். பழைய மெஷின் ஒன்றை நாலாவது மாடியில் ஒரு அம்மா தருவதாகச் சொல்லிவிட்டார். குழாயும் ஒரு பிளக் பாயின்ட்டும்தான் வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் வைக்கிறோம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். இதற்குப் பொதுக்குழு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வாரத்துக்கு ஒரு லாரித் தண்ணீரை இந்த இரண்டு பேரின் கை மிச்சப்படுத்துகிறது. ஒரு லாரிக்குக் கொடுக்கும் பணத்தில் அந்தக் குழாயை இந்த வாரமே இழுத்துவிடலாம். நண்பரிடம் இதைச் சொன்னேன். அவரும் சங்கத்தில் ஓர் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை பிளம்பரைக் கூட்டி வருகிறேன் என்றார்.